ஆடியில் மழை தேடாதீர்கள்: நேட்டால் வடகரையில் வீட்டைச் சுற்றிப் பருவம் பார்ப்பது

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில், ஸ்டேங்கருக்கு (இன்றைய க்வாடுகுசா) மேற்கே, கரும்புக் காட்டுக்கு நடுவே மூன்று ஏக்கர் வீட்டுக்கு ஆனி மாதம் குடிவந்திருக்கிறோம். சுவரில் மாட்டிய பஞ்சாங்கம் ஒன்று சொல்கிறது, வாசலில் நடப்பது வேறாக இருக்கிறது. பறவை, விலங்கு, பருவ மாற்றம் இவற்றை ஒழுங்காகக் கவனிக்க எங்கே தொடங்குவது? பாம்புக்கும் குரங்குக்கும் என்ன செய்வது?

பதில்:

பஞ்சாங்கத்தில் தவறில்லை. அது வேறு ஊர் வானத்துக்குப் போட்ட கணக்கு. பண்டிகைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், பருவத்துக்கு வீட்டிலேயே ஒன்று தயாராக வேண்டும். உத்தராயணம் பிறந்தால் பகல் நீளும் என்பது நம் பழக்கம். இங்கே தை பிறக்கும்போது பகல் சுருங்கத் தொடங்கிவிட்டிருக்கும். டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 14 மணி நேரம், ஜூன் கடைசியில் 10 மணி நேரத்துக்குச் சற்று மேல். குளிர்காலத்தில் வெயில் வடக்கிலிருந்து சாய்வாக வரும் என்பதால் வீட்டின் வடக்குச் சுவர்தான் சூடாக இருக்கும். அரணை, உடும்பு, பாம்பு எல்லாம் குளிர்காய வருவதும் அந்தப் பக்கமே. தெற்குச் சுவரில் பாசி பிடித்துக் கிடக்கும்.

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பதை இங்கே கேட்டு நடந்தால் விதை நட்டம். ஆடி இங்கே குளிரும் வறட்சியும் சேர்ந்த மாதம். இந்தக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மி.மீ. மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை, அதாவது புரட்டாசி நடுவிலிருந்து பங்குனி வரை. தைப்பூசக் காவடி எடுப்பவர்கள் வியர்வையிலும் மழையிலும் ஒருசேர நனைவது அதனால்தான். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் புல் காய்ந்து பழுப்பாக இருக்கும். ஆனால் ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழி மட்டும் கடல் தாண்டியும் பொருந்துகிறது. குளிர்காலக் கடைசியில் உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வறண்ட வெப்பக் காற்றை இங்கே பெர்க் காற்று என்பார்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது காற்று அழுந்திச் சூடாகிறது. நடுக்குளிர்காலத்தில் திடீரென்று 30 டிகிரி தாண்டும். மறுநாளோ அன்று மாலையோ காற்று தென்மேற்குக்குத் திரும்பி, தூறலோடு குளிர் வந்துவிடும். பெர்க் காற்று நாளில் பறவைகள் அதிகம் கத்தாது. பாம்பு மட்டும் கோடை வந்துவிட்டதென்று ஏமாந்து வெளியே வரும். அன்று விறகுக் குவியலில் கை வைக்காதீர்கள்.

இனி ஆண்டைப் பார்ப்போம். வசந்தத்தைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதல் அடையாளம் கல்யாண முருங்கை. நம் ஊர் மரத்தின் நெருங்கிய உறவு ஒன்று இந்தக் கரை எங்கும் உண்டு. இலையெல்லாம் உதிர்த்த வெற்றுக் கிளையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை செக்கச்செவேலெனப் பூக்கும். தேன்சிட்டு, தூக்கணாங்குருவி, சின்னான் எல்லாம் அந்தப் பூவில் தேன் குடிக்கும், குரங்கு பூவையே தின்னும். முதல் பூ விரிந்த தேதியைக் குறியுங்கள்.

அடுத்தது மஞ்சள் அலகுப் பருந்து. ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ ஒருநாள், பிளவுபட்ட வாலைச் சுக்கான் போலத் திருப்பிக்கொண்டு கரும்புக்கு மேலே மிதக்கும். ஆப்பிரிக்காவின் வடபகுதியிலிருந்து முட்டையிட வரும் பறவை இது. மார்ச் வாக்கில் போய்விடும். கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் அது வந்த தேதியைத் தாமாகவே நினைவில் வைத்திருப்பார்கள்.

பிறகு குயில். நம் ஊரில் சித்திரையில் கூவும், இங்கே புரட்டாசியில். செம்மார்புக் குயில் இறங்குவரிசையில் மூன்று சுரம் வைத்து நாள் முழுக்கக் கூவும். ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர்கள் அதை ‘பீட்-மை-ஃப்ரோ’ என்று கேட்கிறார்கள். சுலு மொழியில் அதன் பெயர் ‘உபேசுகோம்கோனோ’. மண்வெட்டியைத் தோளில் போடு, உழவு நேரம் வந்துவிட்டது என்பதாக அதைச் சொல்வார்கள். இந்த மண்ணின் ஆடிப் பட்டம் அந்தக் குரல்தான்.

புதியவர்கள் எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று இங்கே இருக்கிறது. ஜூலையிலேயே குயில் கூவியது என்று எழுதி வைப்பார்கள். அது பெரும்பாலும் நேட்டால் ராபின், ஆரஞ்சு உடம்பும் சாம்பல் இறகும் கொண்ட சிறு பறவை. குயில், மீன்கழுகு எனப் பல பறவைகளின் குரலை அப்படியே பேசிக்காட்டும். பிரித்தறிய ஒரே வழி பொறுமை. குயில் உயர்ந்த மரத்திலிருந்து அதே மூன்று சுரத்தை நிமிடக்கணக்கில் மாற்றாமல் கூவும். ராபின் தாழ்ந்த அடர்புதரில் இருந்துகொண்டு இரண்டு முறை குயிலாகி, மூன்றாம் முறை வேறு எதுவோ ஆகிவிடும். ஒரு நிமிடமாவது கேட்காமல் ‘முதல் குயில்’ என்று எழுதாதீர்கள்.

குரலில் இன்னும் இரண்டு குழப்பம் உண்டு. குழந்தை அழுவது போன்ற ஓலம் இரவில் மரத்திலிருந்து வந்தால் அது புஷ்பேபி என்னும் பெருங்கண் விலங்கு. பகலில் வந்தால் இருவாச்சி இனத்தைச் சேர்ந்த ஊதுகுழல் இருவாச்சி, காட்டத்திப் பழத்துக்கு வந்திருக்கும். குடத்திலிருந்து நீர் ஊற்றுவது போன்ற ‘குபுகுபு’ ஒலி நம் செம்போத்தின் இனம். இங்கே அதற்கு மழைப் பறவை என்றே பெயர். ஈரக்காற்று வீசும் நாளில் அதிகம் கூவும் என்பது உண்மை. அதை நம்பித் துணி காயப்போடாமல் இருக்க வேண்டியதில்லை, மழையில்லாத விடியலிலும் கூவத்தான் செய்கிறது.

தூக்கணாங்குருவி ஆவணி முடிவில் மஞ்சள் கட்டும், புரட்டாசி, ஐப்பசியில் கூடு கட்டும். நீண்ட குழாய் தொங்கும் நம் ஊர்க் கூட்டை இங்கே கூட்டமாகத் தேடாதீர்கள். பனையிலும் காட்டு வாழையிலும் கும்பலாக இருப்பது உருண்டைக் கூடு, வாசல் அடியில் குட்டையாக இருக்கும். குழாய்க் கூடு கட்டுவது கண்ணாடி போட்டது போன்ற கறுப்புக் கோடுள்ள இன்னோர் இனம். அது தனி ஜோடி. தரையில் பச்சைக் கூடுகள் பிய்த்துப் போடப்பட்டுக் கிடந்தால் குரங்கின் மீது பழி போடாதீர்கள். பெட்டை ஏற்காத கூட்டை ஆணே பிரித்துவிட்டு மறுபடி கட்டும். கூட்டத்தருகே பச்சையும் வெள்ளையுமாக மின்னும் சிறு குயில் ஒன்று சுற்றினால், அது தூக்கணாங்குருவிக் கூட்டில் முட்டை வைக்கப் பார்க்கிறது என்று பொருள்.

முதல் கனமழைக்குப் பிந்தைய மாலையில் ஈசல் கிளம்பும். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கரிச்சானும் பருந்தும் வானில் பிடிக்கும், ஹடீடா என்னும் அரிவாள் மூக்கன் தரையில் பொறுக்கும், இருட்டியதும் தேரை வந்து உட்காரும். தேரைகள் குறட்டை விடுவது போல வரிசையாகக் கத்தத் தொடங்கிய முதல் இரவையும் எழுதுங்கள். நாணலில் மணி அடிப்பது போன்ற கூர்மையான விசில் விரல்நுனி அளவே உள்ள நாணல் தவளையினுடையது. மழையோடு சோங்கலோலோ என்னும் கறுத்த மரவட்டை சுவரெல்லாம் ஏறும். கடிக்காது. பிடித்தால் விடும் சாறு கையில் கறை ஆகும், கண்ணில் பட்டால் எரியும், அவ்வளவுதான்.

தீபாவளியை ஒட்டித் தகைவிலான்கள் ஐரோப்பாவிலிருந்து வந்துசேர்கின்றன. உங்களுக்குத் தெற்கே மவுண்ட் மோர்லண்டு நாணல் சதுப்பு அவை இரவு தங்குவதற்குப் பெயர் பெற்றது. உச்சக் காலத்தில் 30 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கிங் ஷாகா விமான நிலையம் 2010-இல் திறந்தபோது, இந்தப் பறவைக்காகவே கண்காணிப்பு ரேடார் வைக்க வேண்டியிருந்தது. எல்லா ஆண்டும் ஒரே அளவில் வருவதில்லை. சதுப்பில் நீரும் நாணலும் மாறினால் கூட்டம் வேறு நாணலுக்குப் போய்விடும். பார்ப்பதானால் சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு போய் நில்லுங்கள். இறங்கி முடிக்கச் சில நிமிடங்களே ஆகும்.

கார்த்திகை, மார்கழியில் சில்வண்டு காதைத் துளைக்கும். நேட்டாலில் அதைக் ‘கிறிஸ்மஸ் பீட்டில்’ என்று சொல்வது உங்களைக் குழப்பலாம், அது வண்டே அல்ல. லிச்சிக்கும் மாம்பழத்துக்கும் பழந்தின்னி வௌவால் வரும். மாசி, பங்குனியில் பாம்பு முட்டைகள் பொரியும் காலம், விரல் கனக் குட்டிகள் வீட்டுக்குள் தென்படும். சித்திரைக்குள் தகைவிலான் கம்பிகளில் வரிசைகட்டிக் கிளம்பிவிடும். இலையுதிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடற்கரைக் காடு பசுமை மாறாதது. குளிரில் மலையடிவாரத்திலிருந்து கீழே இறங்கிவரும் சில பறவைகளைக் கவனித்தால் போதும்.

உங்கள் நிலத்தில் இவை எல்லாவற்றையும்விட வலிமையான பருவம் ஒன்று இருக்கிறது: கரும்பு வெட்டு. ஆலைகள் ஏப்ரல் வாக்கில் திறந்து டிசம்பர் வரை ஓடும். வெட்டுக்கு முன் சோகையை (காய்ந்த கரும்புத் தோகையை) எரிப்பது இன்னும் பல இடங்களில் வழக்கம். புகை எழுந்ததும் ஓடும் பூச்சிக்கும் எலிக்கும் பருந்தும் கொக்கும் கூடும். வெட்டிய நிலத்தருகே கம்பத்தில், தலையில் நீண்ட குடுமியோடு ஒரு கறுத்த கழுகு உட்கார்ந்திருந்தால் அது எலிக்குக் காத்திருக்கிறது, அதை விரட்டாதீர்கள். கரும்புக்குள் இருந்த பெருஎலி, பாம்பு, சிறு மான் எல்லாம் ஒதுங்க இடம் தேடும், பக்கத்தில் இருப்பது உங்கள் தோட்டம். எனவே பக்கத்துப் பண்ணைக்காரரிடம் எரிக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றும் அடுத்த ஒரு வாரமும் நாயைக் கட்டி வைத்து, கதவின் அடியிடுக்கை அடைத்து, இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காமல் இருந்தால் பெரும்பாலான ஆபத்து தீர்ந்தது. நீர்த்தொட்டியின் கூரைக்குழாயையும் அன்று திருப்பிவிடுங்கள், சாம்பல் தண்ணீரில் இறங்கும்.

பாம்பைப் பற்றி. அதைத் துரத்துவதைவிட அது வரும் காரணத்தைத் துரத்துவது சுலபம். கோழித்தீவனமும் பறவைக்கு இறைத்த தானியமும் எலியைக் கூட்டும், எலி பாம்பைக் கூட்டும். வாசல் விளக்கு பூச்சியையும், பூச்சி தேரையையும், தேரை இரவு விரியனையும் கொண்டுவரும். விளக்கை ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எரியும்படி மஞ்சள் ஒளியில் மாற்றுங்கள். தீவனத்தை மூடியுள்ள டின்னில் வையுங்கள். கல், தகரம், சோகைக் குவியல் வீட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும். கோழிக்கூட்டுக்கு விரல் நுழையாத கம்பிவலை போடுங்கள். சின்னான்கள் ஒரு புதரைச் சுற்றி விடாமல் கத்தினால், உள்ளே பாம்போ ஆந்தையோ இருக்கிறது. அதைவிட நல்ல காவல் மணி கிடையாது.

இனம் கண்டுகொள்ள முயல்வது நல்லது, நான்கு மீட்டருக்கு அப்பால் நின்று. கரும்புள்ளி தெளித்த மெலிந்த பச்சைப் பாம்பு தவளையும் பல்லியும் தின்னும் அப்பாவி. அதைத்தான் கொடிய விஷமுள்ள பச்சை மாம்பா என்று அடித்துக் கொல்கிறார்கள். பச்சை மாம்பா புள்ளியே இல்லாத ஒரே பச்சை, கடலோரக் காட்டை விட்டு அதிகம் உள்ளே வராது. கறுப்பு மாம்பாவின் உடல் கறுப்பல்ல, சாம்பல் பழுப்பு. வாயின் உட்புறம்தான் கறுப்பு. மொசாம்பிக் துப்பும் நாகம் இரண்டு மூன்று மீட்டர் தூரம் கண்ணைக் குறிவைத்துத் துப்பும். பட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும், தேய்க்கக் கூடாது. மழை இரவில் தரையில் கிடக்கும் சிறு கறும்பாம்பை மண்புழுப் பாம்பு என்று கையில் எடுப்பவர்கள் உண்டு. ஸ்டிலெட்டோ பாம்பாக இருந்தால், தலைக்குப் பின்னே பிடித்திருந்தாலும் பக்கவாட்டுப் பல்லால் குத்திவிடும். அதற்கு எதிர்மருந்து இல்லை. எந்தக் கடிக்கும் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் தீங்கு. அசையாமல் வைத்து, மோதிரம் வளையலைக் கழற்றி, நேராகப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. பாம்பு பிடிப்பவரின் எண்ணை இன்றே கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

குரங்கு விஷயத்தில் பலர் தாமே வினையைத் தேடிக்கொள்கிறார்கள். ஒருமுறை வாழைப்பழம் கொடுத்தால் மறுநாள் கூட்டமே வரும், கொடுப்பதை நிறுத்திய அன்றுதான் சமையலறைக்குள் நுழையும். பழத்தட்டை ஜன்னலில் தெரியும்படி வைக்காதீர்கள். உதிர்ந்த பழத்தைத் தினமும் பொறுக்குங்கள். மாமரம் முழுவதற்கும் வலை போட முடியாது. எட்டும் கொத்துகளுக்குத் துணிப்பை கட்டலாம். வலை போட்டே ஆக வேண்டுமானால் கண் 5 மி.மீ.க்கு மேல் இல்லாத வெள்ளை வலையை இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்ற அகலக் கண் வலையில் வௌவாலும் பாம்பும் சிக்கிச் சாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குரங்குகள் குட்டி போடும் காலம், அப்போது நாயை ஏவினால் நாய்தான் கிழிபடும். குழாய் நீரைப் பீய்ச்சினால் போதும். கல்லெறிவது, விஷம் வைப்பது இரண்டும் வேண்டாம், சட்டமும் விடாது. இந்த மாகாணத்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருப்பதால் நாய்க்குத் தடுப்பூசி தவறக் கூடாது. பகலில் தள்ளாடி வரும் கீரியைத் தொடவும் கூடாது. கம்பளிக் கழுத்து நாரைகள் இப்போது தோட்டங்களுக்கு நடந்தே வந்து நிற்கின்றன. அவற்றுக்குக் கறித்துண்டு போடுவதையும் பழக்காதீர்கள்.

உணவுக்குப் பதில் தண்ணீர் வையுங்கள், குளிர்கால வறட்சியில் அதற்குத்தான் அதிக வரவேற்பு. ஆழம் 2 முதல் 5 செ.மீ. போதும். சொரசொரப்பான அடிப்பகுதி, நடுவில் ஒரு கல். பூனை பாய முடியாதபடி புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். கோடையில் கொசுப்புழு ஒரு வாரத்தில் முதிர்ந்துவிடும், எனவே இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். நட விரும்பினால் கல்யாண முருங்கை, நாவலின் உறவான உம்டோனி, காட்டு வாழை. காட்டத்தியைக் கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் நடாதீர்கள், வேர் குழாயைத் தேடிப் போகும். உண்ணிச்செடியும் குரோமோலேனா என்னும் களைச்செடியும் வேலியில் இருந்தால் அகற்றுவது நில உரிமையாளரின் சட்டக் கடமை. பூ இருக்கிறது, வண்ணத்துப்பூச்சி வருகிறது என்று விட்டுவிடுபவர்கள் மூன்று ஆண்டில் வேலியையே தேட வேண்டிவரும்.

குறிப்பேட்டுக்குத் தேதி, நேரம், இடம், காற்றுத் திசை, மழை, என்ன, எத்தனை, என்ன செய்தது என்ற பத்திகள் போதும். தினமும் ஒரே நாற்காலியில் ஒரே நேரத்தில் 15 நிமிடம் உட்காருங்கள். அபூர்வமானதை மட்டும் எழுதுவது எல்லாரும் செய்யும் தவறு. மைனாவையும் புறாவையும் எழுதாவிட்டால் அவை குறைந்ததோ கூடியதோ ஐந்து ஆண்டுக்குப் பின் தெரியாது. ‘இன்று குயில் கேட்கவில்லை’ என்பதும் பதிவுதான். இல்லையென்றால் முதல் நாள் எது என்று எப்படிச் சொல்வீர்கள்?

மழைமானியைக் காலை 8 மணிக்குப் படியுங்கள். அருகில் உள்ள மரம் அல்லது கூரையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நடுங்கள், இல்லாவிட்டால் காற்று மழையைத் தள்ளிவிட்டு அளவு குறையும். நேரான சுவருள்ள ஜாடியும் அடிக்கோலும் இருந்தாலே வேலை நடக்கும். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். நூறு சதுர மீட்டர்க் கூரை 10 மி.மீ. மழையில் உங்கள் தொட்டிக்கு 1000 லிட்டர் வரை தரும்.

தொலைநோக்கி 8×32 அல்லது 8×42 வாங்குங்கள். பத்து மடங்கு பெரிதாக்குவது கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். இந்தக் கரையின் ஈரத்தில் தோலுறைக்குள் பூட்டி வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கொஞ்சம் பழகியதும் தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்துக்குப் பட்டியல் அனுப்பலாம். இரண்டாம் சுற்று 2007-இல் தொடங்கி நடந்துவருகிறது. நாட்டை அட்சத்திலும் தீர்க்கத்திலும் ஐந்து ஐந்து கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) கொண்ட கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் கட்டத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் சுற்றி, பார்த்த வரிசையிலேயே எழுத வேண்டும். அதன்பின் ஐந்து நாள் வரை புதிதாகப் பார்ப்பதைச் சேர்க்கலாம்.

ஆனியில் வந்திருப்பதால் முதல் பக்கத்தைக் கற்றாழையில் தொடங்குங்கள். இப்போதுதான் அதன் ஆரஞ்சுக் கதிர்கள் விரியும். காலை ஏழரைக்கு வெயில் பட்டதும் தேன்சிட்டுகள் வரும். கறுப்பாகத் தெரியும் ஆண் ஒன்று மற்றவற்றைத் துரத்திக்கொண்டே இருக்கும். எந்தக் கதிரை அது காக்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். அதே வாரத்தில் மேட்டில் ஏறினால் கடலில் வடக்கே போகும் கூனல் திமிங்கிலங்களின் நீர்ப்பீச்சும் தெரியக்கூடும். காற்றில்லாத காலையாகத் தேர்ந்தெடுங்கள், வெண்ணுரை எழும் நாளில் எல்லாமே திமிங்கிலமாகத் தெரியும்.